தோளில் ஏறும் படகு

நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில், கனடா எல்லைக்குச் சற்றுத் தெற்கே அமைந்துள்ள அடிரோண்டாக் மலைப்பகுதியில் ஏறத்தாழ 3,000 ஏரிகளும் குட்டைகளும் இருக்கின்றன. பனியுகத்தில் நகர்ந்த பனிப்பாளங்கள் குடைந்துவிட்டுச் சென்ற பள்ளங்களில் நீர் தேங்கி உருவான இவற்றில் பெரும்பாலானவை ஓரிரு மணி நேரத்தில் படகால் சுற்றி வந்துவிடக்கூடிய சிற்றேரிகளே. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்தக் காட்டுக்குள் சொல்லிக்கொள்ளும்படியான சாலை கிடையாது. ஓர் ஏரியைப் படகில் கடந்து, அதன் மறுகரையில் படகைத் தூக்கிக்கொண்டு காட்டுப்பாதையில் நடந்து, அடுத்த ஏரியில் இறக்கி மீண்டும் வலித்துச் செல்வதே அங்கு வேட்டைக்கும் மீன்பிடிக்கும் போவதற்கான ஒரே வழியாக இருந்தது. ஆகவே, இரண்டு ஆட்களையும் அவர்களுடைய மூட்டைகளையும் தாங்கும் அளவுக்குப் பெரியதாகவும், ஒரே ஆள் தோளில் சுமக்கும் அளவுக்கு இலேசானதாகவும் ஒரு படகு தேவைப்பட்டது. ஒன்றுக்கொன்று முரணான இந்த இரு தேவைகளையும் ஈடுசெய்யும் முயற்சியில் அப்பகுதித் தச்சர்கள் சில பத்தாண்டுகளில் செதுக்கி எடுத்ததுதான் ‘வழிகாட்டிப் படகு’ என்று பொருள்படும் கைடுபோட். சிற்றேரிகளில் போலிப் பூச்சியைக் கொண்டு டிரவுட் மீன் பிடிக்கும் கலை, இந்தப் படகின் எடையோடு பிரிக்க முடியாதபடி பிணைந்தது.

16 அடி நீளமுள்ள ஒரு கைடுபோட்டின் எடை பெரும்பாலும் 27 முதல் 34 கிலோ வரையில்தான் இருக்கும். பலகைகளின் கனம் 5 மில்லிமீட்டர் அளவே என்பதும், வெண்பைன் அல்லது வெண்சீடர் போன்ற இலேசான மரங்களே அதற்குப் பயன்பட்டன என்பதும் இதற்கு ஒரு காரணம். ஆனால் உண்மையான சூட்சுமம் படகின் விலா எலும்புகளான வங்குகளில் இருந்தது. நேரான மரத்துண்டை வளைவாக அறுத்தால், மரத்தின் நார் குறுக்கே வெட்டுப்பட்டு அந்த இடம் வலுவிழக்கும். வலுவை ஈடுகட்டக் கனத்தைக் கூட்டினால் எடை ஏறும். எனவே தச்சர்கள் ஸ்புரூஸ் மரத்தை வெட்டிய பின் நிலத்தில் நிற்கும் அடிக்கட்டையைத் தோண்டி எடுத்து, தண்டு வேராக மாறும் இடத்தில் இயல்பாகவே வளைந்திருக்கும் பகுதியிலிருந்து வங்குகளை அறுத்தெடுத்தார்கள். நார் வளைவோடு சேர்ந்து ஓடியதால், மெல்லியதாக இருந்தும் வங்கு முறியவில்லை. பலகைகளின் விளிம்புகளைச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படிந்தாலும் வெளிப்புறம் வழவழப்பாக இருக்கும்படி இணைத்து, ஆயிரக்கணக்கான சிறு செம்பு ஆணிகளால் நெருக்கமாக அறைந்தார்கள். அடியில் கனத்த ஏராக்கட்டை இல்லை. அதற்குப் பதிலாக, இருமுனைகளிலும் ஒடுங்கிச் செல்லும் ஒரு தட்டைப் பலகை மட்டுமே உண்டு. நடுவில் ஒரு மீட்டர் அகலம்கூடப் பெரும்பாலும் தேறாத இந்தப் படகைக் கவிழ்த்து, செதுக்கிய மர நுகம் ஒன்றைப் பொருத்தித் தலைக்கு மேல் தூக்கினால், நுகத்தின் வளைவு கழுத்தின் இருபுறமும் தோள்களில் பதிந்து உட்கார, வழிகாட்டி காட்டுக்குள் நடக்கத் தொடங்குவார்.

துடுப்புகளின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. ஏறத்தாழ எட்டடி நீளமுள்ள துடுப்புகள் குறுகிய படகில் பொருத்தப்படுவதால், இரு கைப்பிடிகளும் நடுவில் சில அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். பழகாதவர் முதல் நாளிலேயே விரல் முட்டிகளை நசுக்கிக்கொள்வது உறுதி. துடுப்பு வெறுமனே கவையில் கிடப்பதில்லை; அச்சாணி கொண்டு படகின் விளிம்போடு பூட்டப்பட்டிருக்கிறது. இதனால் நீரிலிருந்து வெளியே எடுக்கும்போது துடுப்பின் அலகைக் காற்றுக்கு வாகாகத் திருப்ப முடியாது என்பது ஒரு குறைதான். ஆனால் கைவிட்ட கணத்தில் துடுப்பு நழுவிப் போகாமல் படகின் பக்கவாட்டிலேயே ஒட்டிக் கிடக்கும் என்பதால், தனியாளாகத் தூண்டில் போடுபவருக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறில்லை. மீன் கடித்ததும் இரு கைகளையும் விடுவித்துத் தூண்டில் கோலைப் பற்ற ஒரு நொடி போதும்.

இந்தப் படகுகளை ஓட்டிய வழிகாட்டிகள் உள்ளூர்க்காரர்கள். நகரத்திலிருந்து வரும் வேட்டைக்காரரைப் பின்பக்க இருக்கையில் அமர்த்தி, தாங்கள் முன்பக்கமான அணியத்தில் அமர்ந்து வலித்தார்கள். சமைத்தார்கள், கூடாரம் அமைத்தார்கள், மீன் இருக்கும் மடுக்களைக் காட்டினார்கள். 1858ஆம் ஆண்டில் கவிஞரும் சிந்தனையாளருமான எமர்சன், உயிரியலாளர் லூயி அகாசி உள்ளிட்ட அறிஞர் குழு ஒன்று ஃபாலன்ஸ்பி ஏரிக்கரையில் முகாமிட்டபோதும் வழிகாட்டிகளும் அவர்களுடைய படகுகளுமே அவர்களைக் கொண்டு சேர்த்தன. 1869இல் பாஸ்டன் நகரப் பாதிரியார் வில்லியம் முர்ரே இந்தக் காட்டு வாழ்வைப் புகழ்ந்து எழுதிய நூல் வெளிவந்ததும், அதை நம்பி நகரத்தார் கூட்டங்கூட்டமாகக் கிளம்பி வந்து, மழையிலும் கடிக்கும் கறுப்பு ஈக்களிலும் சிக்கி அவதிப்பட்டு, ‘முர்ரேயின் முட்டாள்கள்’ என்ற பட்டத்தைப் பெற்றார்கள். வழிகாட்டிக்குக் கூலி கொடுக்க வசதியில்லாதவர்களும் வந்தார்கள். அவர்களில் ஒருவரான ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ், மெலிந்த உடலும் நோயும் கொண்டவர் என்பதால், தாமே சுமக்கத்தக்க படகு வேண்டுமென்று கேட்டு, கான்டன் ஊர்த் தச்சர் ரஷ்டனிடமிருந்து 1883இல் ஐந்து கிலோவுக்கும் குறைவான எடையுள்ள ஒரு சிறு கனூவைப் பெற்று, அதிலேயே ஏரி ஏரியாகச் சுற்றினார். அது கைத்துடுப்பால் செல்லும் கனூவேயன்றி வலித்துச் செல்லும் படகன்று என்றாலும், எடையைக் குறைப்பதில் அக்காலத் தச்சர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு அதுவே நல்ல சான்று.

இவ்வளவு பாடும் எந்த மீனுக்காக என்பதைச் சொல்ல வேண்டும். தமிழ் வாசகர் டிரவுட் என்ற பெயரை நீலகிரி, மூணாறு மலைகளின் வழியாக அறிந்திருக்கக்கூடும்; ஆங்கிலேயர் தம் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்து அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து வளர்த்த மீன், பெரும்பாலும் ரெயின்போ டிரவுட் என்னும் வகை. அடிரோண்டாக் ஏரிகளின் மண்ணுக்குரிய மீன் புரூக் டிரவுட். அது சார் என்னும் வேறொரு குளிர்நீர் மீன் குடும்பக்கிளையைச் சேர்ந்தது. கரும்பச்சை முதுகில் புழு ஊர்ந்த தடம்போன்ற வெளிர் வரிகள், பக்கங்களில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகள், கீழ்த்துடுப்புகளின் முன்விளிம்பில் சுண்ணாம்பு தடவியதுபோன்ற வெள்ளைக்கோடு என்று அடையாளம் காண்பது எளிது. இதன் உயிர்நாடி குளிர்ந்த, உயிர்வளி நிறைந்த நீர். வெப்பம் 20 பாகை செல்சியஸைத் தாண்டும்போது தவிக்கத் தொடங்கிவிடும். இலையுதிர்காலத்தில் கரையோரச் சரளையில், நிலத்தடி ஊற்று மேலெழும் இடங்களைத் தேடி முட்டையிடும். ஊற்று இல்லாத ஏரியில் மீன் விட்டால் வளரலாம். ஆனால் அங்கே வம்சம் தழைப்பது அரிது.

இனி, தூண்டில். பொதுவாகத் தூண்டில் போடும்போது முள்ளோடு கட்டிய ஈயக்குண்டின் கனமே நரம்பை இழுத்துக்கொண்டு தொலைவில் சென்று விழுகிறது. பூச்சித் தூண்டிலில் முள்ளின்மீது இறகும் மயிரும் நூலும் சுற்றிச் செய்த போலிப் பூச்சிக்குக் கனமே இல்லை. ஆகவே கனம் கயிற்றில் வைக்கப்படுகிறது. நெகிழிப் பூச்சுள்ள தடித்த கயிறு, அதன் முனையில் கண்ணுக்குத் தெரியாதபடி மெலிந்து செல்லும் ஒன்பதடி நைலான் நரம்பு, நரம்பின் நுனியில் பூச்சி என்பது அமைப்பு. கயிறுகள் அவற்றின் முதல் 30 அடியின் எடையை வைத்து எண்ணிடப்படுகின்றன. டிரவுட்டுக்குப் பரவலாகப் பயன்படும் ஐந்தாம் எண் கயிற்றில் அந்த 30 அடி ஏறத்தாழ ஒன்பது கிராம். கோலை முன்னும் பின்னும் வீசும்போது கயிறு காற்றில் வளையமாக விரிந்து, கோலை வளைத்து, அந்த விசையில் முன்னால் ஓடிப் பூச்சியை நீரில் மெல்ல இறக்கி வைக்கிறது. அடிரோண்டாக்கில் ஒரு மீன்பிடிக் கழகத்தின் உறுப்பினராக இருந்த ஓவியர் வின்ஸ்லோ ஹோமர், காற்றில் சுழலும் அந்தக் கயிற்றைத் தம் நீர்வண்ண ஓவியங்களில் காட்ட, வண்ணம் தீட்டிய தாளைக் கத்தி முனையால் கீறி வெள்ளைக்கோடு எடுத்தார். கயிற்றின் வேகத்தை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஆற்றில் தூண்டில் போடக் கற்றவர் ஏரிக்கு வந்தால் திகைத்துப்போவதற்குக் காரணம் உண்டு. ஆற்றில் ஓட்டமே உணவைக் கொண்டுவந்து தருவதால் மீன் ஒரு கல்லின் மறைவில் நின்றபடி காத்திருக்கிறது. எங்கே நிற்கும் என்பதை நீரின் போக்கைப் பார்த்தே ஊகிக்கலாம். ஏரியில் ஓட்டம் இல்லை, மீன்தான் உணவைத் தேடி அலைகிறது. நீர்ப்பரப்பைப் பார்த்தால் எல்லா இடமும் ஒன்றுபோலவே தெரிகிறது. எனவே ஏரித் தூண்டிலில் முதல் வேலை வீசுவது அன்று, மீனைக் கண்டுபிடிப்பது. அந்த வேலையைச் செய்வது துடுப்பு. நீண்ட கயிற்றில் பூச்சியை விட்டு, படகை மெதுவாக வலித்து இழுத்துச் செல்லும் முறையைச் சில கண்டிப்புக்காரர்கள் தூண்டில் கலையென்றே ஒப்புவதில்லை. அந்தக் கருத்தில் நியாயம் குறைவு. வலிப்பவர் படகு போகும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்வதால், பின்னால் இழுபடும் கயிற்றையும் கோலின் நுனியையும் எந்நேரமும் கண்ணெதிரே வைத்திருக்கிறார். இரண்டு மூன்று முறை வலித்து, சற்றே நிறுத்தினால் பூச்சி அமிழ்கிறது. மீண்டும் வலிக்கும்போது அது தப்பியோடும் குஞ்சுமீன்போல மேலெழுகிறது, பெரும்பாலும் அந்த எழுச்சியில்தான் கடி விழுகிறது. நேர்கோட்டில் போகாமல் பாம்புபோல் வளைந்து வலித்தால், வளைவின் உட்புறத்தில் பூச்சி மெதுவாகவும் வெளிப்புறத்தில் விரைவாகவும் செல்லும். எந்த வேகத்தில், எந்த ஆழத்தில் மீன் எடுக்கிறது என்பது இவ்வாறு தெரிந்ததும், படகை நிறுத்தி அங்கே வீசத் தொடங்கலாம். மோட்டார் படகில் இந்த நுணுக்கம் கைவராது.

எங்கே வலிப்பது என்பதைப் பருவம் தீர்மானிக்கிறது. குளிர்காலம் முழுவதும் உறைந்து கிடந்த ஏரி, ஏப்ரல் இறுதி வாக்கில் பனிக்கட்டி உருகித் திறந்ததும், மேலிருந்து அடிவரை ஒரே குளிராக இருக்கும். வெயில் முதலில் சூடேற்றும் கரையோர ஆழமற்ற நீருக்கு டிரவுட் வந்துவிடும் என்பதால், கரையை ஒட்டி வலித்தாலே போதும். கோடையில் நிலைமை மாறுகிறது. சூடான நீர் இலேசானது என்பதால் மேலே தங்க, குளிர்ந்த கனத்த நீர் கீழே தேங்க, இரண்டுக்கும் நடுவே ஓரிரு மீட்டர் ஆழத்துக்குள் வெப்பம் சட்டென்று இறங்கும் ஒரு படலம் உருவாகிறது. மேலே சூடு தாங்காது. மிக ஆழத்தில் அழுகும் இலைதழைகளால் உயிர்வளி குன்றியிருக்கும். ஆகவே மீன்கள் அந்தப் படலத்தை ஒட்டியோ, அடியில் குளிர்ந்த ஊற்று வெளிப்படும் இடத்திலோ குவிகின்றன. நூலில் கட்டிய வெப்பமானியை இறக்கி இறக்கிப் பார்த்து ஊற்றுகளைக் கண்டறிவதும், கண்டறிந்ததை வெளியே சொல்லாதிருப்பதும் அங்குள்ள வழக்கம். ஆழத்தில் இருக்கும் மீனுக்கு மிதக்கும் கயிறு பயன்படாது. நீரில் அமிழும் கயிறே வேண்டும்.

மாலையில் மேஃபிளை போன்ற நீர்ப்பூச்சிகள் அடியிலிருந்து எழுந்து பரப்பில் சிறகு விரிக்கும் வேளைதான் மிதக்கும் கயிற்றுக்கு உரியது. அலைந்து உண்ணும் மீன் நீர்ப்பரப்பில் அடுத்தடுத்து வளையங்களை எழுப்பிக்கொண்டு செல்லும். வளையத்தின் மேலேயே பூச்சியைப் போடுபவருக்கு மீன் கிடைக்காது, அது அதற்குள் முன்னே போயிருக்கும். இரண்டு மூன்று வளையங்களைப் பார்த்துப் போகும் திசையைக் கணித்து, அடுத்து வரக்கூடிய இடத்தில் முன்கூட்டியே பூச்சியை இறக்கி வைத்துக் காத்திருக்க வேண்டும். இதற்குப் படகு அசையாமல் நிற்க வேண்டும் என்பதில்தான் இலேசான படகின் குறை தெரிகிறது. சிறு காற்றுக்கும் அது இலைபோல் விலகும்; ஒரு முனையில் மட்டும் நங்கூரமிட்டால் அச்சில் ஆடுவதுபோல் இடவலமாகச் சுழன்று கயிற்றைத் தளர்த்திவிடும். அணியத்திலும் பின்பக்கத்திலும் ஒவ்வொன்றாக இரு நங்கூரம் இடுவதே தீர்வு. நங்கூரத்தைக் காட்டுப்பாதையில் சுமக்க விரும்பாதவர்கள் வெறும் வலைப்பையை மட்டும் கொண்டுபோய், ஏரிக்கரையில் கற்களை நிரப்பிக்கொள்கிறார்கள்.

கைடுபோட்டில் எழுந்து நின்று வீசுவது அறிவீனம். நீருக்குச் சற்றே மேலே அமர்ந்தபடி வீசும்போது பின்னால் போகும் கயிறு தாழ்ந்து நீரைத் தொட்டுவிடும் என்பதால், ஒன்பது அடிக்குக் குறையாத கோலும், பின்வீச்சை உயர நிறுத்தும் பழக்கமும் தேவைப்படுகின்றன. படகின் தரையில் சுருண்டு கிடக்கும் கயிறு, காலணி வாரிலும் துடுப்பின் அச்சாணியிலும் மூட்டையின் கொக்கியிலும் சிக்கிக்கொள்வதற்கென்றே இருப்பதுபோல நடந்துகொள்ளும். தரையில் எதையும் பரப்பி வைக்காதவரே நிம்மதியாக மீன் பிடிப்பார்.

பூச்சிகளின் வகைகளைப் பட்டியலிட்டால் அதற்கே ஒரு நூல் வேண்டும், தேவையும் இல்லை. மெல்லிய இறகுவால் வைத்த கறுப்பு அல்லது இலைப்பச்சை நிற வுல்லி பகர், சிறுமீனைப் போலச் செய்த நீண்ட ஸ்ட்ரீமர், மாலைக்கு இரண்டு மிதக்கும் பூச்சிகள் ஆகியவற்றைக் கொண்டு ஒரு பருவத்தை ஓட்டிவிடலாம். ஸ்ட்ரீமர் புகழ் பெற்றதற்கு மெய்ன் மாநிலத்தின் ரேஞ்ச்லி ஏரிகளே முக்கியக் காரணம். அங்கே வாழ்ந்த கேரி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி, 1924 ஜூலை 1 அன்று தாமே கட்டிய ஒரு ஸ்ட்ரீமரில் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட புரூக் டிரவுட்டைப் பிடித்து, அது ஒரு பத்திரிகைப் போட்டியில் பரிசு பெற்றதும், நாடெங்குமிருந்து அவருடைய பூச்சிகளுக்குக் கேட்பு வந்தது. அவர் கட்டிய கிரே கோஸ்ட் என்ற வகை இன்றும் விற்கிறது. முள்ளைப் பிடித்துக்கொள்ளும் கிடுக்கி எதுவும் இல்லாமல், வெறும் விரல்களாலேயே அவர் அவற்றைக் கட்டினார் என்பது கைவேலை தெரிந்தவர்களை இன்றும் வியக்க வைக்கும் செய்தி.

இத்தனை ஏற்பாடுகளுக்கும் பின்னால் மீன் இருக்கிறதா என்ற கேள்வி 20ஆம் நூற்றாண்டில் எழுந்தது. மேற்கே நெடுந்தொலைவில் இருந்த நிலக்கரி மின்நிலையங்களின் கந்தகப் புகை காற்றில் வந்து மழையோடு அமிலமாக இறங்கியது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த அடிரோண்டாக் பாறைமண்ணால் அந்த அமிலத்தை முறிக்க இயலவில்லை. அதோடு மண்ணிலிருந்த அலுமினியம் கரைந்து ஏரிக்குள் வந்து மீனின் செவுள்களைப் பாழாக்கியது. 1984 முதல் 1987 வரை 1,469 ஏரிகளில் நடந்த ஆய்வில், ஏறத்தாழ கால்பங்கு ஏரிகளில் ஒரு மீன்கூட அகப்படவில்லை. அவை அனைத்துக்கும் அமிலமே காரணம் என்று சொல்ல முடியாது என்றாலும், கணிசமான பங்கு அதனுடையதே. புரூக்டிரவுட் ஏரி என்று மீனின் பெயரையே தாங்கிய ஏரியிலும் அந்த மீன் இல்லாமல் போயிற்று. 1990இல் தூய காற்றுச் சட்டம் திருத்தப்பட்டுக் கந்தகப் புகை படிப்படியாகக் குறைந்த பிறகு, அந்த ஏரியில் 2005இல் மீண்டும் விடப்பட்ட மீன்கள் தாமாகவே இனம் பெருக்கின.

அமிலத்தைச் சட்டத்தால் குறைக்க முடிந்தது. வாளியில் வரும் மீனைத் தடுப்பதுதான் கடினமாக இருக்கிறது. இரைக்காக உயிரோடு கொண்டுவரும் குஞ்சுமீன்களின் மிச்சத்தை ஏரியில் கொட்டிவிட்டுப் போகும் பழக்கத்தால், மஞ்சள் பெர்ச், ஷைனர் போன்ற மீன்கள் பல ஏரிகளில் புகுந்து, டிரவுட்டின் உணவையும் குஞ்சுகளையும் தின்று தீர்த்தன. இதனால்தான் அங்கே டிரவுட் ஏரிகள் பலவற்றில் உயிர்மீனை இரையாகப் பயன்படுத்துவதற்கே தடை இருக்கிறது. வாகனம் சென்று சேர முடியாத, தோளில் படகைச் சுமந்தே போக வேண்டிய ஏரிகளில் இந்தத் தொல்லை குறைவு. தண்ணீர் தளும்பும் வாளியை யாரும் மூன்று கிலோமீட்டர் காட்டுப்பாதையில் தூக்கிக்கொண்டு நடப்பதில்லை. மோட்டார் தடைசெய்யப்பட்டு, ஏரிக்கு ஏரி சுமந்தே செல்ல வேண்டிய செயின்ட் ரீஜிஸ் கனூ பகுதி டிரவுட்டுக்குப் பெயர்பெற்று விளங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்று கண்ணாடியிழையாலும் கெவ்லார் இழையாலும் மர வடிவத்தையே பின்பற்றிப் படகுகள் வார்க்கப்படுகின்றன. விலையுயர்ந்த கோலில் போடும் பணத்தைப் படகின் எடையில் சில கிலோவைக் குறைக்கப் போடுவதே சிற்றேரிக்குப் போகிறவருக்கு இலாபம்.

எதிர்மாறான சான்றும் அருகிலேயே இருக்கிறது. லிட்டில் டப்பர் ஏரி நெடுங்காலம் ஒரு தனியார் குடும்பத்தின் வனத்துக்குள் பூட்டிக் கிடந்ததால், வேறெங்கும் கலக்காத தொன்மையான புரூக் டிரவுட் இனம் ஒன்று அதில் எஞ்சியிருந்தது. 1998இல் மாநில அரசு அந்த நிலத்தை வாங்கி, சாலையோரத்திலிருந்தே படகிறக்கும் வசதியோடு மக்களுக்குத் திறந்துவிட்டது. சில ஆண்டுகளுக்குள் யாரோ கொண்டுவந்து விட்ட பாஸ் மீன்கள் அதில் பெருகிவிட்டன. சிறிய ஏரியாக இருந்தால் மருந்திட்டு எல்லா மீன்களையும் நீக்கிவிட்டு டிரவுட்டை மட்டும் மீண்டும் விட முடியும்; 2,000 ஏக்கரைத் தாண்டிய அந்த ஏரியில் அதற்கு வழியில்லை. லிட்டில் டப்பர் இனம் இப்போது, அதிலிருந்து எடுத்துச் சென்று விடப்பட்ட வேறு சில சிற்றேரிகளின் துணையால் காப்பாற்றப்பட்டு வருகிறது.